குரோமுக்கு அடியில் இருந்த ஒட்டு

உன் சைக்கிளுக்கு அடித்த பச்சைப் பவுடர் கோட்டிங்கை, போன கிழமை நாவற்குடாப் பட்டறைக்காரர் நகத்தாலேயே உரித்துக் காட்டினார். அவித்த முட்டையின் கோது மாதிரிக் கழன்று வந்தது. அடியில் உன் குரோம் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது.

முப்பது வருசம் உன்னை 'நீங்கள்' என்றே கூப்பிட்டேன். இந்தக் கடிதத்தில் அது வராது. பொறுத்துக்கொள்.

"குரோமுக்கு மேல பவுடர் நிக்காதக்கா. மணல் அடிச்சுக் கழட்டோணும் எண்டு முதலே சொன்னன். நீங்கதான் வேணாம் எண்டீங்க" என்றார் பட்டறைக்காரர்.

ஓம், நான்தான் சொன்னேன். உன் ஆண்டுத் திவசம் முடிந்ததும், இனி நானே மிதித்து ஓடலாம் என்றுதான் அதைப் பட்டறையில் கொடுத்தேன். ஆனால் குரோமில் கைவைக்கப் பயம். ஏற்கெனவே ஒரு தடவை அதை உடைத்தவள் அல்லவா நான்.

என் சீதன வீட்டுக்கு நீ கொண்டுவந்தது ஒரு உடுப்புப் பெட்டியும், கல்யாணத்துக்கென்று புதிதாகக் குரோம் போட்ட அந்தச் சைக்கிளும்தான். "வீடு உன்ட, கிணறு உன்ட, தென்னையும் உன்ட. இதுல மட்டும் கை வெக்காத" என்பாய். முதலில் சிரித்துக்கொண்டுதான் சொன்னாய்.

மகளுக்குக் காய்ச்சலில் வலிப்பு வந்த அன்று நீ வட்டையில் வயல் வேலையாக நின்றாய். ஓட்டோ ஒன்றும் அகப்படவில்லை. பிள்ளையைச் சீலையால் நெஞ்சோடு கட்டிக்கொண்டு, உன் சைக்கிளில் கல்லடிப் பாலம் கடந்து ஆஸ்பத்திரிக்கு மிதித்தேன். பிள்ளை தப்பினாள். நாங்கள் திரும்பி வந்தபோது நீ அவளுடைய நெற்றியைக்கூடத் தொட்டுப் பார்க்கவில்லை. குனிந்து ஹாண்டில் கழுத்தைத் தடவினாய். குரோமில் மயிரளவு வெடிப்பு.

"உடைச்சிட்டாய்" என்றாய். எட்டு மாதம் என் கையால் தண்ணீர் வாங்கிக் குடிக்கவில்லை. வருகிறவர்களுக்கெல்லாம் அந்த இடத்தைக் காட்டினாய். மகள் பெரியபிள்ளையானபோது சாமத்தியச் சடங்குக்கு வந்த சனத்துக்கும் காட்டினாய். "இவளத் தூக்கிட்டு ஓடித்தான் என்ட சைக்கிள முறிச்சவ." பட்டுடுத்து நின்ற பிள்ளை தலையைக் குனிந்துகொண்டாள். இன்றுவரைக்கும் அவள் சைக்கிள் ஏறியதில்லை.

போன கிழமை எனக்கு வெறுத்துவிட்டது. "மணல் அடிங்க தம்பி, ஒண்டும் மிச்சம் வெக்காம" என்று விட்டுவிட்டு வந்தேன். இன்று போனபோது பிரேம் சாம்பல் நிறமாய் மேசையில் கிடந்தது. கழுத்தைச் சுற்றி மட்டும் மஞ்சளாய்ப் பித்தளை.

"இது எப்பயோ முறிஞ்சு ஒட்டின பிரேமக்கா. பித்தளையால ஒட்டி, அராவி, மறுகாதான் குரோம் போட்டிருக்கு."

"நான் ஓடி முறிச்சதில்லையா?"

"இல்லக்கா. ஒட்டு அப்பிடியே கிடக்கு. அதுக்கு மேல குரோம்தான் வெடிச்சது."

அட பாவி! நீயே முறித்து, நீயே ஒட்டுவித்து, கல்யாணத்துக்குக் குரோம் போட்டு மினுக்கிக்கொண்டு வந்து என் வாசலில் சாத்தினாய். தெரிந்துகொண்டே என்னையும் அந்தப் பச்சைப் பிள்ளையையும் குற்றவாளியாக்கினாய்.

பட்டறைத் தரையிலேயே குந்திவிட்டேன். அழுகை வரவில்லை, தூஷணம்தான் வந்தது. அந்தத் தம்பி தேத்தண்ணி வாங்கித் தந்தார். மகளைக் கூட்டிவந்து காட்டும்வரை ஒன்றும் பூச வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.

அவளுக்குக் காட்டலாம். ஆனால் என்னிடம் இருப்பதை யாரிடம் கொண்டுபோய்க் கொடுக்க? ஆஸ்பத்திரி வார்ட்டில் உன் கடைசி நாளில் உன் காலைப் பிடித்து, "சைக்கிள முறிச்சதுக்கு என்ன மன்னியுங்க" என்று கேட்டேன். உனக்கு அறிவு தெளிவாக இருந்தது. என் தலையில் கை வைத்து, "சரி புள்ள, மன்னிச்சிட்டன்" என்றாய். ஒரு வருசமாக அதை நினைத்துத்தான் உனக்காக அழுதேன்.