யானையின் வலக்கை

2019 செப்டம்பர் 14, சனிக்கிழமை
இலையுதிர்கால முகாம்

அன்பு மகள் நர்மந்தாவுக்கு,

உன் தாயும் நானும் நலம். ஆடுகள் கொழுத்து நிற்கின்றன. பூசான் நகரில் நீயும் குழந்தைகளும் அவ்வாறே இருக்க வேண்டுகிறோம். உன் கடிதத்தில் வழக்கம்போல் தேதி இல்லை, அஞ்சல் முத்திரையைப் பார்த்து செப்டம்பர் 2 என்று கொண்டேன், இனியாவது எழுது. அண்ணன் ஏன் தொலைபேசியை எடுப்பதில்லை என்று கேட்டிருந்தாய். நம் ஆறு பிறக்கும் இடத்தில் சுரங்கம் வரவிடேன் என்று சொல்லித்தான் உன் அண்ணன் கொம்போ 2016இல் நாடாளுமன்றம் சென்றான், யானைப் பட்டம் பெற்ற மல்லன் என்பதால் சனங்களும் நம்பினார்கள். ஆகஸ்ட் 29, வியாழக்கிழமை, கட்சிக் கூட்டத்தில் சுரங்கத்தை எதிர்ப்போரும் ஆதரிப்போரும் கையுயர்த்தியபோது இருபக்கமும் சமமாயிற்று. எதற்கும் உயராத கை உன் அண்ணனுடையது ஒன்றுதான். “யானைக்குத் தும்பிக்கை மரத்துப்போச்சா, இல்ல சுரங்கக்காரன் சங்கிலி போட்டுட்டானா” என்று சிரித்தார்களாம். மறு வாக்கெடுப்பு செப்டம்பர் 20, வெள்ளிக்கிழமை. அன்றும் உயராவிட்டால் ஆறு போயிற்று.

சென்ற சனிக்கிழமை, 7ஆம் தேதி, இங்கு வந்தான். குதிரைப்பால் கிண்ணத்தை இடக்கையால் வாங்கினான், உன் தாய் முகம் சுளித்தாள், அதன்பின் மெதுவாகச் சொன்னான்: “வலக்கையத் தூக்கினா யாரோ குனிஞ்சு அடியில வர்றாங்கப்பா. வர்றது தெரியுது. வெளிய போறது தெரியல.” யார் என்பது எனக்குத் தெரியும். 2003 ஜூலை 11, வெள்ளிக்கிழமை, நம் வட்டார நாதம் விழா மல்யுத்தத்தில் அவன் வீழ்த்திய யாதம் கழுத்து முறிந்து புல்லிலேயே இறந்தான். தோற்றவன் வென்றவனின் கைக்கடியில் குனிந்து செல்லும் முறை அன்று நடக்கவில்லை. உயர்த்திய கையோடு உன் அண்ணன் வெகுநேரம் நின்றது உனக்கும் நினைவிருக்கும்.

ஆகவே 12ஆம் தேதி அவனை யாதமின் தந்தை தஷ்செவெகிடம் அழைத்துச் சென்றேன். எண்பத்தொரு வயது, கை சுள்ளியாய் இருக்கிறது. விருந்தினர் முறைப்படி எங்களோடு மூக்குப்பொடிச் சிமிழை மாற்றிக்கொண்டு, முழுவதும் கேட்டுவிட்டுச் சொன்னார்: “எம் மகன் தோத்தான்னு நீங்கதான் சொல்லிக்கிறீங்க. அவன் குனிஞ்சு போனத எவன் பார்த்தான்? போட்டி இன்னும் நடக்குதுடா பயலே. நீ தோத்ததா ஒத்துக்க, முடிஞ்சிரும்.” பிறகு கூடாரத்துக்கு வெளியே வந்து தம் வலக்கையை உயர்த்தினார். நூற்று நாற்பது கிலோ யானை, தோற்ற மல்லன் செய்வதுபோல் மார்ச்சட்டையின் முடிச்சை அவிழ்த்து, ஏறக்குறைய மண்டியிட்டு அக்கைக்கடியில் சென்று வெளியே வந்தான். ஆனால் கிழவர் கையைத் தாழ்த்தவில்லை. கொம்போவுக்குப் பின்னால், அவன் வந்த வழியையே பார்த்துக்கொண்டு நின்றார். “போதும் அண்ணே” என்றேன். “இரு, எம் மகனும் வரட்டும்” என்றார். நாங்கள் குதிரையேறி மேட்டைக் கடந்து திரும்பிப் பார்த்தபோதும் அந்தக் கை அப்படியே இருந்தது.

குழந்தைகளுக்கு எங்கள் ஆசிகள்; நீண்ட ஆயுளும் நல்ல மந்தையும் உங்களுக்கு அமைக. கம்பளிக் காலுறை இரண்டு இணை அனுப்பியுள்ளேன், நனைந்த காலோடு வேலைக்குப் போகாதே. 20ஆம் தேதிக் கூட்டத்தின் படம், இந்த முகாமுக்குச் சேதி வருமுன், தொலைபேசியில் உனக்குத்தான் முதலில் கிடைக்கும். அண்ணனின் கை உயர்ந்ததா என்று எழுது. உயர்ந்திருந்தால், தாழ்ந்ததா என்றும் எழுது. தேதியிட மறவாதே.

உன் தந்தை,
ஷக்தர்