தகர அலமாரியின் மேல் பழி

அன்புத் தங்கச்சிக்கு,

உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. பாப்பாவுக்கு மறுபடி வலிப்பு வந்ததற்கு, நீ வேளைக்கு மாத்திரை கொடுக்காததுதான் காரணம் என்கிறாராமே உன் மாமியார்? நீயும், "நான்தான் மறந்துட்டேனோ அண்ணா" என்று கேட்டிருக்கிறாய். மறக்கிற ஆளா நீ? பள்ளிக்கூடம் போகும்போது என் டிபன் பாக்ஸையும் சேர்த்து எடுத்து வந்தவள் நீதானே.

மருந்து ஆய்வாளர் என்று பெயர்தான் பெரிசு. ஐந்து மாதத்துக்கு முன் ஒரு கடையில் வலிப்பு மாத்திரையை எடுத்து, முத்திரை வைத்து, பரிசோதனைக்கூடத்துக்குக் கொண்டுபோனேன். மெஷின் ரிப்பேர், உங்களிடமே இருக்கட்டும் என்று திருப்பி அனுப்பினார்கள். எங்கள் ஆபீசுக்குக் கூரையும் தகரம், அலமாரியும் தகரம். சூட்டில் மாத்திரை கெட்டுவிடுமே என்று மேலதிகாரியிடம் வேறு இடம் கேட்டால், "மாத்திரைக்கு ஏசி கேக்குறியா? எனக்கே ஃபேன் சுத்தல" என்றார். நாற்பது நாள் கழித்துச் சோதித்தார்கள். அட்டையில் போட்டிருந்தது இருநூறு மில்லிகிராம். உள்ளே எண்பதுகூட இல்லை.

அதோடு முடிந்ததா? மருந்து நன்றாகத்தான் இருந்தது, ஆய்வாளரின் அலமாரிதான் கெடுத்துவிட்டது என்று கம்பெனி வக்கீல் கோர்ட்டில் வாதாடி, நடவடிக்கைக்குத் தடை வாங்கிவிட்டார். எந்தச் சூட்டிலும் நாற்பது நாளில் இவ்வளவு குறையாது என்று சோதித்தவரே தலையில் அடித்துக்கொள்கிறார். யார் கேட்கிறார்கள்? வழக்கு முடியும்வரை கம்பெனி பெயரை வெளியே சொல்லக் கூடாதென்று எனக்கு உத்தரவு. மாத்திரை மட்டும் ஜோராக விற்கிறது. ஆத்திரத்தில் அலமாரியை உதைத்தேன், கால் வீங்கியதுதான் மிச்சம்.

அளவு சரியா என்று கேட்டு நீ கடிதத்தோடு ஒரு காலி அட்டை வைத்திருந்தாயே, அதே கம்பெனி, அதே பேட்ச் நம்பர்.

மாத்திரையைச் சட்டென்று நிறுத்திவிடாதே. கடிதம் கிடைத்ததும் டாக்டரிடம் ஓடு, வேறு கம்பெனி மாத்திரை எழுதித் தரச் சொல்.

போனில் சொன்னால், அண்ணன் தங்கைக்கு வக்காலத்து வாங்குகிறான் என்பார் உன் மாமியார். அதனால் கம்பெனி பெயரையும் நம்பரையும் பின்பக்கத்தில் எழுதி, ஆபீஸ் முத்திரையும் குத்தியிருக்கிறேன். தாராளமாகக் காட்டு. வேலை போனால் போகட்டும். இத்தனை நாள் ஊரார் பிள்ளைகள்தானே என்றுதான் உத்தரவைக் கட்டிக்கொண்டு வாய் மூடிக் கிடந்தேனோ என்னவோ. நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

நீ ஒரு வேளைகூடத் தவறவிடவில்லை, தாயே. பாப்பா நன்றாக இருக்கட்டும். என்னை மன்னித்துவிடு.

இப்படிக்கு,
உன் அண்ணன்,
இன்றுவரை மருந்து ஆய்வாளர்