முப்பது புள்ளி ஒன்று

இலோயிலோ,
ஆகஸ்ட் 17

அன்பு மகள் ஜோவலினுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் சுகம், அங்கே பெர்கன் குளிரில் நீயும் சுகமாயிருக்க நம் ஊர் ஹாரோ கோயில் மாதாவை வேண்டிக்கொண்டே எழுதுகிறேன். உன்னோடு வேலை பார்க்கும் லீசல் விடுமுறை முடிந்து திரும்புகிறாள், அவள் கையில் இந்தக் கடிதமும் இரண்டு பொட்டலம் கருவாடும் வருகின்றன. அம்மாவுக்கு முட்டிவலி பரவாயில்லை, மாதா கோயில் பாடற்குழுவில் சேர்ந்து வீட்டிலும் பாடித் தள்ளுகிறாள். போனில் சொல்லலாம்தான், ஆனால் நான் சொல்லப்போவது உன் முகத்தைப் பார்த்தால் வாயில் வராது.

கப்பல் பழுது, அதனால் புறப்பாடு தள்ளிப்போகிறது என்று மே மாதம் உன்னிடம் சொன்னேன் அல்லவா, அது பொய். கப்பல் சொன்ன தேதியில் போய்விட்டது, இந்த அப்பாவைத்தான் ஏற்றவில்லை. மணிலாவில் கப்பல்காரர்களுக்கு உடல் சோதனை செய்வார்களே, அங்கே இந்த பி.எம்.ஐ. என்கிற எடைக்கணக்கு முப்பதைத் தாண்டினால் உடனே தகுதிச் சீட்டு தரமாட்டார்கள். கிலோவில் எடையை எடுத்து, மீட்டரில் உள்ள உயரத்தால் இரண்டு தடவை வகுக்க வேண்டும், அவ்வளவுதான் கணக்கு. சோதனைக்கு இரண்டு நாள் முன்பே நானே போட்டுப் பார்த்தேன், எண்பத்திரண்டு கிலோ, நூற்று அறுபத்து மூன்று சென்டிமீட்டர், கிட்டத்தட்ட முப்பத்தொன்று வந்தது. என்னோடு போக வேண்டிய, கப்பல் மேல்தளத்தில் வேலை பார்க்கும் டொமெங், மூங்கில் கழி மாதிரி இருப்பானே, அவன்தான் யோசனை சொன்னான். "எடைய ரெண்டு நாள்ல குறைக்க முடியாதுடா ரொகேலியோ, உயரத்தக் கூட்டு. மூணு சென்டி வளந்தாப் போதும், முப்பதுக்குக் கீழ வந்துருவ" என்றான். உன் அப்பன் புத்தி, அட்டையை மடித்து மடித்துக் காலுறைக்குள் செருகிக்கொண்டு மேடையில் ஏறினேன். அளந்த நர்ஸ் உன்னைவிடச் சின்னவள். என் காலைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள், "ஐயா, காலுறையக் கழட்டிட்டு ஏறுங்க" என்றாள். கழற்றும்போது அட்டை ஒவ்வொன்றாகத் தரையில் விழுந்தது. வரிசையில் நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள், டொமெங்கும்தான்.

அந்த அவமானத்தில் டாக்டரம்மாவிடம் கத்திவிட்டேன். இருபத்தாறு வருஷம் கப்பலில் சமைத்தவன், ஒல்லியான சமையற்காரனை எவன் நம்புவான், ஒரு எண்ணை வைத்து என் சோற்றில் மண்ணைப் போடுகிறீர்களா என்று கேட்டேன். அந்த அம்மா கோபப்படவே இல்லை. "உக்காருங்கண்ணே. இந்த எண்ணுக்குக் கண்ணு கிடையாது. கொழுப்பு எது, உழைச்சு ஏறுன சதை எதுன்னு அதுக்குத் தெரியாது. மூட்டை தூக்குறவருக்கும் இதே எண் வரலாம். உங்களுக்கு நோய்னு நான் சொல்லல, உள்ளே பாக்கணும்னு சொல்றேன். நம்ம ஊர் உடம்புக்கு இருபத்திமூணு தாண்டினாலே கவனிக்கணும், நீங்க எங்கேயோ போயிட்டீங்க" என்றார். இடுப்பை நாடாவால் அளந்தார்கள், ரத்தம் எடுத்தார்கள். சர்க்கரை ஏகத்துக்கு ஏறியிருந்தது மகளே. தாகமும் களைப்பும் அடுப்புச் சூட்டால் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். நடுக்கடலில் விழுந்திருந்தால் கரை சேர எத்தனை நாள் ஆகும் என்று டாக்டர் கேட்டார். வெளியே வந்து பேருந்து நிலையத்தில் உட்கார்ந்து அழுதேன், அதையும் உன்னிடம் சொல்லிவிடுகிறேன்.

அம்மாவிடம் சொன்னபோது திட்டவில்லை. "கப்பல் போனாப் போகுது, நீ இருக்கல்ல" என்றாள், அவ்வளவுதான். மறுநாளிலிருந்து சோறு பாதி, கொழுப்புப் பன்றிக்கறி ஞாயிறு மட்டும், மாத்திரை தவறாமல். காலையில் இருவரும் ஆற்றோரம் நடக்கிறோம், வழியெல்லாம் அவள் பாட்டு வேறு. போன வாரம் மறுசோதனைக்குப் போனேன். மூன்று மாதப் பட்டினிக்கு இரண்டே கிலோ, முப்பது புள்ளி ஒன்று. கோட்டுக்கு மேலேதான்! திரும்ப அனுப்பிவிடுவார்கள் என்று பையைத் தூக்கிவிட்டேன். டாக்டரம்மா, "எங்க எந்திரிக்கிறீங்க? சர்க்கரை அடங்கிருச்சு, இடுப்பு ரெண்டு இஞ்சு இறங்கிருச்சு, இதயம் நல்லாருக்கு. எண்ணு கேட்ட கேள்விக்குப் பதில் வந்தாச்சு, போய்ச் சமைங்க" என்று கையெழுத்துப் போட்டுவிட்டார். மாத்திரையோடு போகிறேன், அடுத்த மாதம் ஒன்பதாம் தேதி கப்பல்.

இப்போது உன் விஷயம். நீ இரவுச் சாப்பாட்டை விட்டுவிட்டு இரட்டை வேலை பார்க்கிறாய் என்றும், நாற்பத்து நாலு கிலோ வந்துவிட்டதாகப் பெருமைப்பட்டாய் என்றும் லீசல் வாய்தவறிச் சொல்லிவிட்டாள், அவளைக் கோபிக்காதே. உன் உயரத்துக்கு நாள்காட்டியின் பின்பக்கம் கணக்குப் போட்டேன், பதினேழரைதான் வருகிறது. பதினெட்டரைக்குக் கீழே போனாலும் பார்க்க வேண்டும் என்று அதே டாக்டர் சொன்னார். ஒன்றும் இல்லாமலும் இருக்கலாம், உன் உடல்வாகே அப்படியாகவும் இருக்கலாம், அதைப் பார்க்கிறவர்கள் பார்த்துச் சொல்லட்டும். ஊருக்கெல்லாம் ஊசி போடுகிறவள் நீ, உன் ரத்தத்தை ஒரு தடவை கொடுத்துப் பார். நான் மூன்று மாதம் உன்னிடம் பொய் சொன்னவன், அதனால் 'நல்லா இருக்கேம்ப்பா' என்ற பதிலில் என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியும். அதை எழுதாதே. டாக்டர் சொன்னதை எழுது.

கம்பளி போடாமல் வெளியே போகாதே. கருவாட்டை நாலு பேருக்குக் கொடுத்துவிடாமல் நீ தின்னு. மாதா உன்னைக் கைவிடமாட்டாள்.

ஒன்பதாம் தேதிக்குள் உன் பதிலை எதிர்பார்க்கும்,
உன் அப்பா
ரொகேலியோ