எட்டு வாழை விதைகளும் குளியலறைத் தரையும்

பிப்ரவரி 11

மூன்று நாள் வெந்நீரில் ஊறிய எட்டு விதைகளையும் இன்று மண்ணில் புதைத்தேன். வாழை வளர்ப்போர் சங்கத்தில் ஒன்பது வருடம் காத்திருந்து வாங்கியவை. தின்ன உதவாத, மலையில் வளரும் காட்டுவாழை. நீலம் பூத்த தண்டு, இலையின் அடிப்பக்கம் ரத்தச் சிவப்பு. சங்கத்தில் ஒருவருக்கும் இதுவரை முளைத்ததில்லை.

தரைக்கடியில் வெந்நீர்க் குழாய் ஓடித் தரையைச் சூடாக்கும் வசதி இருப்பது குளியலறையில் மட்டும்தான். விதைத்தட்டை அங்கேயே வைத்தேன்.

"அப்போ நான் எங்க குளிக்கறது, வேசர் ஆத்துலயா?" என்றாள் வீப்கே. முப்பத்தாறு வருடம் குடித்தனம் நடத்தியாயிற்று. என் காரியம் எதுவுமே இவளுக்குக் கேலிதான்.

மார்ச் 20

ஒன்றுமில்லை. சூட்டை இரவு பகலாக முப்பது டிகிரியில் வைத்திருக்கிறேன்.

ஏப்ரல் 6

காலையில் வெப்பமானியைப் பார்த்தால் பதினாறு! பதினாறு!

"ரெண்டு வாரமா நான்தான் ராத்திரி அணைக்கிறேன்," என்றாள், சாவகாசமாக. "நீ எழுந்திரிக்கறதுக்குள்ள போட்டுடுவேன். இன்னிக்கு அசந்துட்டேன். அதுக்குப் போற குழாய் என் கட்டிலுக்கு அடியிலதான போகுது? வெந்து சாகறேன் எக்கார்ட்."

"கொலைகாரி" என்றேன்.

"எட்டு விதைக்கா?"

ஆமாம், எட்டு விதைக்குத்தான். மன்னிப்புக் கேட்க வேண்டுமாம். நானா? மாட்டேன்.

ஏப்ரல் 7

கீல் நகரில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போய்விட்டாள். போகட்டும். வீடு நிம்மதியாக இருக்கிறது.

ஏப்ரல் 13

முளைத்துவிட்டது! இரண்டு!

சங்கச் செயலாளர் ஓஸ்டர்லோவுக்குப் போன் செய்தேன். "அட, எப்படிய்யா? ராத்திரி குளிர விட்டீங்களா? எனக்கு அப்பவே சந்தேகம். மலைச்சாதி பாருங்க, பகல்ல சூடு ராத்திரி குளிர்னு மாறி மாறி இருந்தாத்தான் கண்ணத் தொறக்கும். நாமெல்லாம் ஒரே சூட்டுல வெச்சு தூங்கப் பண்ணிட்டோம்."

"ஆமா, குளிர விட்டேன்" என்றேன்.

விட்டேனா?

ஏப்ரல் 14

மகள் வீட்டு எண்ணை இரண்டு தடவை அழுத்தினேன். மணி அடிப்பதற்குள் வைத்துவிட்டேன். என்னவென்று சொல்வது? உன்னால்தான் முளைத்தது என்றா? சொன்னால் சாகும்வரை குத்திக்காட்டுவாள்.

மே 2

ஐந்து முளைகள். சங்க இதழுக்குக் கட்டுரை அனுப்பினேன். வீப்கேயைப் பற்றி ஒரு வரி எழுதினேன், அடித்தேன், திரும்ப எழுதினேன், அடித்தேன். அத்தனை பேர் முன்னால் நான் ஏன் அசடனாக நிற்க வேண்டும்? தற்செயலாக ஒரு விசையை அணைத்ததைத் தவிர அவள் என்ன செய்தாள்?

வெட்கமாக இருக்கிறது.

ஜூன் 9

கோடைத் துணிகளை எடுக்க வீப்கே வந்தாள். இதழ் மேசையிலேயே கிடந்தது. ஒளித்து வைக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. நின்றபடியே வாசித்தாள்.

"'இரவில் சூட்டை நிறுத்திப் பார்த்தேன்.'" நிமிர்ந்தாள். "நீயா எக்கார்ட்?"

கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். கத்தவில்லை. குளியலறைக்குப் போய்ச் செடிகளைப் பார்த்தாள். "நல்லா வந்திருக்கு" என்றாள். பெட்டியோடு படியிறங்கினாள்.

சாயங்காலம்தான் கவனித்தேன். கோடைத் துணி எடுக்க வந்தவள், குளிர்கால மேலங்கியையும் எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள்.