ஸ்பீக்கர் பெட்டியில் ஒரு ழ

ஞாயிறு, இரவு. ராயபுரம்.

என் மகள் ஸ்டெல்லா டிஜேவாகப் பாட்டுப் போடவிருந்த முதல் கல்யாணம் இன்று. ஒரு பாட்டுகூடப் போடவிடாமல் திருப்பி அனுப்பிவிட்டார்கள். காரணம் நான்தான்.

ஸ்பீக்கர் பெட்டியில் பெயரை நானே எழுதுகிறேன் என்று அடம்பிடித்தேன். முதியோர் வகுப்புக்குப் போய் இந்த வருடம்தான் எனக்கு எழுத வந்தது. நாங்கள் பழத்தைப் பயம் என்போம். அதற்கு வகுப்பில் டீச்சர் சிரிப்பார். அதனால் சந்தேகம் வந்தால் ழ போட்டால் சரியாக இருக்கும் என்று நினைத்துவிட்டேன். 'ஸ்டெல்லா ஒழி அமைப்பு' என்று மஞ்சள் பெயிண்டில் பெரிதாக எழுதினேன். அன்றெல்லாம் தரையில் கால் படவில்லை எனக்கு.

மண்டபத்தில் பெண்ணின் தாய்மாமன் அதைப் படித்தார்.

"இன்னாம்மா இது? கல்யாண வூட்ல ஒழின்னு எய்திகினு வந்துகீறீங்க? எந்தக் கைநாட்டு எய்திச்சி இத்த?"

நான் ஒயரைப் பிடித்தபடி பக்கத்தில்தான் நின்றேன். ஸ்டெல்லா என் பக்கம் திரும்பவே இல்லை.

"பெயிண்டர் தப்பு பண்ட்டான் மாமா."

அவர் கேட்கவில்லை. நல்ல காரியத்தில் அபசகுனம் என்றார்.

எண்ணூர் கம்பெனி வேலையை விட்டுவிட்டு இதில் இறங்கினவள். இனி யார் கூப்பிடுவார்களோ. வீட்டில் பெட்டியை இறக்கியதும்தான் சொன்னாள்.

"நைனா, நாளிக்கு நீயே அத்த மாத்தி எய்திடு."

திட்டியிருந்தால் தேவலை.

ஒலி. ஒலி. ஒலி. எழுதிப் பார்த்தாயிற்று, சரியாக வருகிறது. ஆனாலும் அந்த ழ எவ்வளவு அழகாக வந்திருந்தது.