பதினோராவது சான்று

ஆகஸ்ட் 6, 2002. செவ்வாய்

காலையிலேயே புழுக்கம். பஸ்ஸில் செங்கல்பட்டு வரை நின்றுகொண்டே வந்தேன். அங்கிருந்து ரயில். பேரூராட்சி ஆபீஸ் போய்ச் சேர்ந்தபோது பத்தே கால். வருகைப் பதிவேடு ஏற்கெனவே உள்ளே போய்விட்டது.

இன்றைய வேலை: பொத்தேரிப் பக்கத்து விடுதிகளின் உரிமம் புதுப்பித்தல். பதினேழு கோப்பு. பார்க்க வேண்டியவை: குடிநீர், கழிவறை, தீயணைப்பு, மின்கம்பிப் பாதுகாப்புச் சான்று. ஆறு வருஷமாக இதே இருக்கை, இதே பட்டியல்.

இன்றுதான் கண்ணில் பட்டது. பதினேழில் பதினொரு மின்சான்று ஒரே ஒப்பந்தக்காரர் கொடுத்தது. தேவராசன், சதுரங்கப்பட்டினம், எங்கள் வீட்டுப் பக்கம். இவ்வளவு தூரம் ஆள் வருவானேன்? பதினொன்றிலும் சோதனை அளவு ஒன்றே: 2. போன வருஷம் கட்டிய மூன்று மாடிக்கும் 2. மழைக்கு ஒழுகுகிற பழைய ஓட்டு வீட்டுக்கும் 2.

தலைமை எழுத்தர் குமரேசனிடம் கேட்டேன். கோப்பைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

"நம்பரு எதுக்கு மேடம் பாக்கறீங்க? கையெழுத்து கீதா, சீல் கீதா, அவ்ளோதான். தள்ளி வுடுங்க."

பிறகு அவரே டீ வாங்கிக் கொடுத்தார். ஆறு வருஷத்தில் இதுதான் முதல் டீ.

ஆகஸ்ட் 7, புதன்

அவரிடம் (வீட்டுக்காரரிடம்) கேட்டேன். ஆராய்ச்சி வளாகத்தில் இயந்திரப் பிரிவு என்றாலும் மின்சாரம் தெரியும். "அது ஒயர் கசியாம தாங்குற அளவு. ரத்த அழுத்தம் மாதிரி, கட்டடத்துக்குக் கட்டடம் மாறும். பதினோரு பேருக்கு ஒரே அளவு வந்தா டாக்டர் அளந்தே பார்க்கலைன்னு அர்த்தம்" என்றார். உடனே, "இதெல்லாம் நீ பார்க்கிற வேலையா?" என்றும் கேட்டார். பயமா, அக்கறையா, தெரியவில்லை.

ஆபீஸில் 99-ஆம் வருஷக் கோப்பு ஒன்றைத் தேடி எடுத்தேன். அதே தேவராசன், ஆனால் கையெழுத்து வேறு. பழையது நடுங்கி நடுங்கிப் போகிறது. இப்போதையது ஒரே இழுப்பு, பள்ளிக்கூடப் பிள்ளை பழகி எழுதியது போல.

ஆகஸ்ட் 9, வெள்ளி

ஒப்பந்தக்காரர் பேரேட்டிலிருந்து முகவரியைக் குறித்துக்கொண்டேன். குமரேசன் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துக்கொண்டிருந்தார். பார்க்கட்டும்.

மறக்காமல் வாங்க: துவரம்பருப்பு, வாளிக்குக் கைப்பிடி.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

சதுரங்கப்பட்டினம். டச்சுக் கோட்டைக்குப் பின்னால் மூன்றாவது சந்து. எங்கள் வாடகை வீட்டிலிருந்து ஷேர் ஆட்டோவில் பத்து நிமிஷம்தான். வாசலில் கருவாட்டு வாடை.

நாற்காலியில் தேவராசன். வலது கை மடியில் கிடந்தது. வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. உள்ளேயிருந்து மகள் வந்தாள். சுந்தரி. இருபத்தெட்டு இருக்கும். தோளில் ஒயர்ச் சுருள்.

"யாரு வோணும்?"

சொன்னேன். முகம் மாறியது.

"கையெழுத்தா? அப்பாதாங்க போடறாரு."

நான் அந்தக் கையைப் பார்த்தேன். அவளும் பார்த்தாள்.

"ரெண்டு வருஷமா நான்தான். அப்பாக்கு வாதம் வந்த நாள்லேர்ந்து. டெஸ்ட்டும் நான்தான், கையெழுத்தும் நான்தான்" என்றாள். "இங்க டவுன்ஷிப்ல அவுங்க ஆளுங்களே பாத்துக்கறாங்க. அதான் அவ்ளோ தூரம் வந்துகினு கீறேன்."

நம்பவில்லை. அளக்கிறவள் எழுதினால் எல்லாவற்றிலும் 2 எப்படி வரும் என்று கேட்டேன்.

அவள் உள்ளே போய் ஒரு நாற்பது பக்க நோட்டும் ஒரு காகிதமும் கொண்டுவந்தாள். நோட்டில் ஒவ்வொரு கட்டடத்துக்கும் ஒரு பக்கம். 40. 7. 15. ஓட்டு வீட்டுக்கு முதலில் 0.4, பக்கத்தில் "ஒயர் மாத்தணும்", பத்து நாள் கழித்து 6. எதுவும் இரண்டு இல்லை.

காகிதம் எங்கள் ஆபீஸ் கடிதம். போன வருஷம் அனுப்பியது. "படிவத்தின் பின்புறமுள்ள மாதிரியின்படி அளவைக் குறித்து மீண்டும் அனுப்புக." மாதிரியில் 2 என்று அச்சடித்திருக்கும். கீழே சுருக்கொப்பம்.

என்னுடையது.

"நாலு வாட்டி திருப்பி அனுப்பிச்சாங்க. அப்புறம்தான் ரெண்டுன்னே எழுதிட்டேன்" என்றாள். கடிதத்தைக் காட்டி, "நீங்கதானா அந்த மேடம்?" என்று கேட்டாள்.

தலையை ஆட்டினேன்.

பிறகு பதினோரு பெயரையும் வாசித்தேன். நோட்டைப் புரட்டிக்கொண்டே வந்தாள். பத்துக்கு ஆமாம். பதினோராவது ரயில் பாதையோரம் உள்ள ரோஸ் கலர் பெண்கள் விடுதி.

"அது நான் குடுக்கல. போய்ப் பாத்தேன். அங்க எர்த்தே கெடயாது. குளிக்கிற ரூமு அஞ்சுலயும் கீஸர் மாட்டி வச்சிகிறாங்க. எழுதித் தரமாட்டேன்னு சொல்ட்டு வந்துட்டேன்."

எர்த் என்றால் கசிகிற மின்சாரத்தை மண்ணுக்குள் கொண்டுபோகிற கம்பி. அது இல்லையென்றால் கசிவு தொடுகிறவர் உடம்பு வழியாக இறங்கும். இவ்வளவும் விளக்கினாள், எனக்கு ஆறு வருஷ அனுபவம் என்று தெரிந்தும்.

திரும்பி வரும்போது யோசனை: இரண்டு வருஷம் கள்ளக் கையெழுத்துப் போட்டவள். ஒன்றை மட்டும் போடவில்லை என்கிறாள். எப்படி நம்புவது?

ஆகஸ்ட் 12, திங்கள்

நுழைந்ததும் குமரேசன். "இன்னா மேடம், கடக்கரைக்கு காத்து வாங்கப் போனீங்களா?"

அவர் சாப்பிடப் போனதும் படிவங்களைப் பார்த்தேன். ஒவ்வொன்றுக்கும் எண் உண்டு. யாருக்கு எந்த எண் கொடுத்தோம் என்பதற்குப் பதிவேடும் உண்டு. சுந்தரியின் பத்தும் தேவராசன் பெயரில் வாங்கிய கட்டிலிருந்து வந்தவை, வரிசையாக. பதினோராவது அந்த வரிசையில் இல்லை. அது எங்கள் பீரோவில் இருக்கிற கட்டு. வெளியே யாருக்கும் இன்னும் கொடுக்காத கட்டு. அதன் முதல் தாளின் எண்தான் இது.

பீரோ சாவி குமரேசன் இடுப்பில்தான் இருக்கிறது.

கையெழுத்தும் அவள் கையெழுத்து இல்லை. பார்த்து வரைந்தது. போலியின் போலி.

எண்ணைக் குறித்துக்கொண்டு படிவங்களை மறுபடி அடுக்கி வைத்தேன்.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

செயல் அலுவலரிடம் சொன்னேன். ஜன்னலைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"புகார் ஏதாவது வந்திருக்காம்மா?"

"இல்லை சார்."

"அப்புறம்?"

அந்த "அப்புறம்" இருக்கிறதே. இவருக்கும் தெரியுமோ? கடைசியில், "கள ஆய்வுன்னு போய்ப் பாருங்க. உங்களுக்கு அதிகாரம் உண்டு. ஆனா என்கிட்ட எழுத்தில் எதுவும் கேட்காதீங்க" என்றார்.

தெருமுனை பூத்திலிருந்து சுந்தரிக்குப் போன். பக்கத்து வீட்டு நம்பர். வருகிறேன் என்றாள்.

ஆகஸ்ட் 14, புதன்

ரோஸ் விடுதி. காலை பதினொரு மணி. வகுப்பில்லாத நாலைந்து பெண்கள் மட்டும் இருந்தார்கள்.

குளியலறைக் கதவில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. வார்டன் கையெழுத்து: "செருப்பு அணிந்து குளிக்கவும்."

இதற்கு மேல் என்ன சோதனை வேண்டும்?

ஒரு பெண், மதுரைப் பக்கம், சொன்னாள்: "பைப்பைத் தொட்டா சுள்ளுன்னு இருக்கும்க்கா. பழகிருச்சு. போன வாரம் ஒருத்தி கை ஒட்டிக்கிச்சு, அவளே உதறிக்கிட்டா. வீட்டுல சொன்னா படிப்ப நிறுத்திருவாகன்னு சொல்லல."

சுந்தரி டெஸ்டரைக் குழாயில் வைத்தாள். விளக்கு எரிந்தது. ஸ்விட்சில் இல்லை, குழாயில். நேரே மெயின் பலகைக்குப் போய்க் கீஸர் வரிசைக்கான ஃப்யூஸ் கட்டையைப் பிடுங்கினாள். மறுபடி டெஸ்டரை வைத்தாள். எரியவில்லை.

ஓனர் வந்துவிட்டார். யார் சொன்னது?

"ஏம்மா, இன்னா பண்ணிகினு கீற? யாரு நீ? லைசென்ஸ் கீதா உன்கிட்ட?"

சுந்தரி தரையைப் பார்த்தாள்.

"லைசென்ஸ் இல்லாத பொம்பள வந்து கரண்ட்டப் புடுங்குவா, நான் பாத்துகினு இருக்கணுமா? எடு கட்டைய!"

"நான்தான் எடுக்கச் சொன்னேன்" என்றேன். பொய். "எனக்கு உரிமம் வேண்டாம். உங்கள் உரிமம் என் மேஜையில்தான் இருக்கிறது."

இவ்வளவு சத்தமாக நான் பேசி நானே கேட்டதில்லை. ஃப்யூஸ் கட்டையை வாங்கிக் கைப்பையில், டிபன் பாக்ஸுக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். ரயிலில் சுந்தரி ஜன்னலோரம் உட்கார்ந்து பொரி தின்றாள்.

ஆகஸ்ட் 15, வியாழன்

கொடியேற்றம். மிட்டாய். விடுதி ஓனரும் வந்திருந்தார், குமரேசன் பக்கத்தில் நின்றார். இருவரும் என் கைப்பையையே பார்த்ததாகத் தோன்றியது. தோன்றியதுதானா?

வீட்டில் அவர்: "கட்டையைத் திருப்பிக் கொடுத்துடு. ஒரு கட்டை கடையில கிடைக்காதா அவனுக்கு?"

அது எனக்குத் தோன்றவே இல்லை.

ஆகஸ்ட் 16, வெள்ளி

ஆபீஸுக்கு முன்பே விடுதிக்குப் போனேன். வேறு கட்டை போட்டிருந்தார்கள். குழாயைத் தொட்டுப் பார்க்கத் தைரியம் இல்லை. அறை அறையாகப் போய்ப் பெண்களிடம் கீஸரைப் போடவே வேண்டாம், குழாயைத் தொடவே வேண்டாம் என்று சொன்னேன். மதுரைப் பெண் பொறுப்பெடுத்துக்கொண்டாள்.

குமரேசன் இன்று கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தார். குரலில் தேன்.

"பதினொண்ணாவதப் பத்தி எழுதப்போறீங்க. எழுதுங்க. கையெழுத்து பொய்யின்னு எப்படித் தெரியும்னு கேப்பாங்க. அந்தப் பொண்ணு சொல்லிச்சும்பீங்க. அப்ப மத்த பத்தும் பொய்யின்னு ஆவுது. ஜெயிலுக்கு யாரு போவா? பாவம் மேடம், வூட்ல படுத்துகினு கீற மனுசன யாரு பாப்பா?"

அவர் சொன்னதில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை. அதுதான் எரிச்சல்.

சாயந்திரம் நேரே சதுரங்கப்பட்டினம். சுந்தரியிடம் அப்படியே சொன்னேன். அவள் அப்பாவுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். கிழவர் எல்லாவற்றையும் கேட்டார். இடது கையால் அவள் முழங்கையைத் தட்டி ஏதோ சொன்னார். எனக்குப் புரியவில்லை.

"எழுதச் சொல்றாரு" என்றாள்.

"உனக்கு?"

"எழுதுங்கக்கா. ரெண்டயும் எழுதுங்க, என்னோட பத்து, அந்த ஒண்ணு. அந்தப் பொண்ணுங்க செருப்பு போட்டுகினு குளிக்குதுங்க. என்னால தூங்க முடியல."

மேடம் போய் அக்கா ஆகிவிட்டது.

வாக்குமூலம் நான் எழுதினேன், அவள் கையெழுத்துப் போட்டாள். அப்பா பெயரை ஒரே இழுப்பில் போடுகிறவள், சொந்தப் பெயருக்கு ஒவ்வொரு எழுத்தாக நிறுத்தினாள். "ரி"யில் மை தீற்றிவிட்டது. வேறு தாள் வேண்டுமா என்று கேட்டேன். வேண்டாம், இதே இருக்கட்டும் என்றாள்.

ஆகஸ்ட் 19, திங்கள்

அறிக்கை நாலு பக்கம். நகல்: மாவட்ட மின் ஆய்வாளர் அலுவலகத்துக்கு, பதிவுத் தபாலில், என் கையாலேயே. ஆபீஸ் தபாலை நம்பவில்லை.

நான் திருப்பி அனுப்பிய நாலு கடிதங்களையும் இணைத்தேன். இணைக்காமலும் விட்டிருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. இரண்டு தடவை எடுத்துவிட்டு இரண்டு தடவை வைத்தேன்.

ஆகஸ்ட் 27, செவ்வாய்

மின் ஆய்வாளர் வந்தார். ஒல்லி, பேச்சே இல்லை. ரோஸ் விடுதி குளியலறையில் ஐந்து நிமிஷம். வெளியே வந்து ஓனரிடம், "உங்க பொண்ணு இங்க குளிக்குமா?" என்று கேட்டார். மெயினுக்கே சீல்.

பெண்கள் பெட்டியோடு வாசலில் நின்றார்கள். பரீட்சை நேரம். ஒருத்தி என்னைப் பார்த்து, "எல்லாம் உங்களாலதான்" என்றாள். ஆமாம்.

மற்ற பத்தையும் அளந்தார். சுந்தரியின் நோட்டை ஒரு கையில் வைத்துக்கொண்டு. ஏறக்குறைய ஒத்துப்போனது. "யார் அளந்தது?" என்றார். சொன்னேன். நோட்டை மூடித் தந்தார். அவள் மேல் நடவடிக்கை வேண்டும் என்று எழுதவில்லை, வேண்டாம் என்றும் எழுதவில்லை.

ஆகஸ்ட் 30, வெள்ளி

குமரேசன் தற்காலிகப் பணிநீக்கம். சாவியை மேஜை மேல் வைத்துவிட்டு யாரிடமும் சொல்லாமல் போனார். தேவராசன் உரிமம் ரத்து. பத்துச் சான்றும் ரத்து.

சுந்தரி தேர்வு எழுதி உரிமம் வாங்கலாமா என்று விசாரித்தேன். உரிமம் உள்ள ஒருவரிடம் வேலை பார்த்ததற்குச் சான்று வேண்டுமாம். அவள் யாரிடம் வாங்குவாள்? செங்கல்பட்டில் இரண்டு பேரைக் கேட்டுவிட்டேன். இருவரும் யோசித்துச் சொல்கிறேன் என்றார்கள். அந்தக் குரலும் எனக்குத் தெரியும்.

செப்டம்பர் 3, செவ்வாய்

மாற்றல் உத்தரவு. அச்சரப்பாக்கம் பக்கம். "நிர்வாக நலன் கருதி." செயல் அலுவலர் கைகுலுக்கினார். கை ஈரமாக இருந்தது.

பொறுப்பை ஒப்படைத்துவிட்டு மதியமே கிளம்பிவிட்டேன். வழியில் சுந்தரியிடம் சொன்னேன். மூன்றாவதாக ஒருவர் சான்று தர ஒத்துக்கொண்டிருக்கிறாராம், ஆனால் ஒரு வருஷம் அவரிடம் வேலை பார்த்த பிறகு. "பாக்கறேன்" என்றாள். என் மாற்றலைக் கேட்டதும், "உங்க வூட்டப் பாத்துட்டுப் போறேன்க்கா" என்று ஒயர் சோதிக்கிற மெகரைத் தூக்கிக்கொண்டு கூடவே வந்தாள்.

எதற்கு, எங்கள் வீடு புதுசுதானே என்றேன்.

ஒரு மணி நேரம் பார்த்தாள். வாஷிங் மெஷின் பிளக் பலகையைக் கழற்றிச் சுவரைக் கொஞ்சம் உடைத்தாள். எர்த்துக்கான பச்சைக் கம்பி இருந்தது. ஒரு சாண் நீளம். அதோடு முடிந்துவிட்டது. எதிலும் சேரவில்லை.

நாலு வருஷமாக ஈரக் கையோடு அந்த மெஷினைத் தொட்டுக்கொண்டிருக்கிறேன்.

வீட்டு ஓனருக்குப் போன் செய்தேன். "அதெல்லாம் சர்ட்டிபிகேட் கீதும்மா" என்றார்.

மெயினை அணைத்துவிட்டு இதை எழுதுகிறேன். மணி நாலுதான், வெளிச்சம் இருக்கிறது. சுந்தரி கொல்லையில் எர்த்துக்குக் குழி தோண்டிக்கொண்டிருக்கிறாள். அதில் போட உப்பும் கரியும் கேட்டாள். கரி இல்லை. வாங்கி வர வேண்டும்.