ஈற்றடிக்கு மூன்று சீர்

அன்புள்ள தனத்துக்கு,

நீயும் கனிஷ்காவும் நன்றாக இருப்பீர்கள் என்று நினைத்துத்தான் இங்கே ஒவ்வொரு நாளையும் தள்ளுகிறேன். அம்மாவுக்குக் கால் வீக்கம் வடிந்ததா? போனில் பேசினால் குரல் காட்டிக்கொடுத்துவிடும். அதனால்தான் எழுதுகிறேன்.

பெரிதாக ஒன்றுமில்லை. தமிழ்ப் பரீட்சை எழுதி உன்னைப் போல் ஆசிரியராகிவிட்டால் இந்தப் போர்வெல் வேலையை விட்டுவிடலாமே என்று, சத்தீஸ்கர் காட்டிலும் படித்துக்கொண்டுதான் இருக்கிறேன். செவ்வாய்க்கிழமை ரிக் வண்டியில் நின்றபடி அந்தப் பழைய வெண்பாவைச் சீர் பிரித்தேன். நீ சொல்லித்தந்தபடியே, இடது கைக் கட்டைவிரலால் மற்ற நான்கு விரல்களையும் தொட்டு, விரலுக்கு ஒரு சீர். மூன்று அடிகள் சரியாக வந்தன. எதுகைகூடப் பிடிபட்டது. கடைசி அடியை எண்ணும்போது பைப் இறங்கியதைக் கவனிக்கவில்லை. "டேய் மோகா, கைய எடுடா சாமி!" என்று டிரில்லர் மயில்சாமி அண்ணன் கத்தினார். கொஞ்சம் தாமதம். கட்டுப் போட்டிருக்கிறார்கள், ஆறிவிடும்.

என் யாப்பு நோட்டை அனுப்பு. தேங்காய் எண்ணெயும் ஒரு பாட்டில். அப்படியே திருச்செங்கோட்டில் முதலாளி வீட்டுக்கு ஒரு நடை போ. உனக்கு உடம்பு முடியவில்லை என்று பொய்யாவது சொல்லி என்னை வரவழை. லீவு கேட்டால் இங்கே சிரிக்கிறார்கள். இன்னும் ஒரு மாதம் என்னால் முடியாது, தனம். சத்தியமாக முடியாது.

டவுனுக்குப் போகும் வண்டி கிளம்புகிறது. "ஈத்தடிக்கு மூணு சீர்தானுங்க, நாலாவதத் தேடாதீங்க" என்பாயே. நான் வந்து இறங்கும்போது நீயும் என் இடது கையில் நாலாவது விரலைத் தேடாதே.

மோகன்குமார்